பஞ்சமத்தை ஆறாகப் பிரித்தால்: மிரக்கிள் டெம்பரமென்ட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வழக்கத்துக்கு மாறான ஒரு டெம்பரமென்ட்டைப் பற்றி (சுத்த விகிதங்களைச் சற்றே நகர்த்திச் சுரங்களை அமைக்கும் முறை அது) பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "ஸ்தாயிக்கு எத்தனை சுரம்?" என்பதுதான். 19, 22, 31, 53, 72 என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அதை வகைப்படுத்தியாகிவிட்டது என்று பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். எண் முக்கியம்தான். ஆனால் ஒரு டெம்பரமென்ட்டின் அடையாளம் அந்த எண்ணில் இல்லை. எந்த நுண்ணிய வித்தியாசங்களை அது இல்லாமல் செய்கிறது, அதனால் எந்தச் சுரம் எந்தச் சுரத்தோடு ஒன்றாகிறது என்பதில் இருக்கிறது. சென்ட் கணக்கும் ஹெர்ட்ஸ் கணக்கும் அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள்.

இதை எடுத்துக்காட்ட மிரக்கிள் என்ற டெம்பரமென்ட்டைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்தாயியை 31 சமபாகமாகப் பிரித்தாலும் அது அதற்குள் இருக்கிறது. 41-லும் இருக்கிறது, 72-லும் இருக்கிறது. மூன்றிலும் சுருதி வேறு, டெம்பரமென்ட் ஒன்று.

கணக்குக்குள் போகுமுன் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்தாயி 1200 சென்ட். கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். அதிர்வெண் விகிதம் 3/2 என்றால் அது சுத்தமான பஞ்சமம், 701.96 சென்ட். 5/4 என்றால் அந்தர காந்தாரம், 386.31 சென்ட். 7/4 நம் கைசிகி நிஷாதத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்த இடம், 968.83 சென்ட். 11/8 சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறக்குறைய நடுவில் விழுகிறது, 551.32 சென்ட். 3, 5, 7, 11 என்ற இந்த நான்கு பகா எண்கள்தான் இந்த ஆய்வின் பாத்திரங்கள். 2 ஸ்தாயிக்கு உரியது, அது எப்போதும் உடன் இருக்கும்.

பார்ட்சின் 43 சுரங்கள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் 1901-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். பியானோவின் 12 சம அரைச்சுரங்களை அவர் ஏற்கவில்லை. 11 வரையிலான ஒற்றை எண்களால் அமையும் விகிதங்களே தன் இசைக்கு வேண்டும் என்று முடிவு செய்து, ஸ்தாயிக்கு 43 சுரங்களை வகுத்தார். அவற்றை வாசிக்கக் கருவிகள் இல்லை என்பதால் தானே செய்துகொண்டார். பழைய ஹார்மோனியம் வகைக் கருவியின் நாக்குகளை மாற்றிச் சுருதி சேர்த்த குரோமலோடியன், மரத்தில் செய்த டயமண்ட் மரிம்பா என்று ஒரு கருவிக் குடும்பமே அவர் கையில் உருவானது. 1949-இல் வெளியான தன் நூலில் இந்தக் கோட்பாட்டை முழுதாக எழுதினார்.

பார்ட்ச் எதையும் சமரசம் செய்யவில்லை. 43-ம் சுத்த விகிதங்கள். அதனால் அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம் சீராக இல்லை. 12/11-க்கும் 11/10-க்கும் நடுவே வெறும் 14.4 சென்ட். 16/15-க்கும் 12/11-க்கும் நடுவே 38.9 சென்ட். ஆதார சுரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். ஆதாரத்தை வேறொரு சுரத்துக்கு மாற்றினால் பாதி சுரங்கள் பட்டியலில் இருக்காது. சுத்த விகிதங்களை நம்பும் எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. நான்கு பகா எண்களும் தனித்தனித் திசைகள். ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு தூரம் போனாலும் பழைய சுரத்துக்குத் திரும்பவே மாட்டோம். சுரங்கள் பெருகிக்கொண்டே போகும்.

டெம்பரமென்ட் என்பது இந்தப் பெருக்கத்துக்குப் போடும் அணை. மிகச் சிறிய ஒரு வித்தியாசத்தை எடுத்து, அதைப் பூஜ்யமாக்கி, அதற்கு ஈடாக எல்லா விகிதங்களையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திவிடுகிறோம். அப்படிப் பூஜ்யமாகும் வித்தியாசத்துக்கு காமா என்று பெயர்.

சீகோர் கண்ட படி

பார்ட்ச் 1974 செப்டம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு, ஜான் சால்மர்ஸ் நடத்திய 'ஸெனார்மோனிகான்' இதழின் மூன்றாவது வெளியீட்டில் ஜார்ஜ் சீகோர் எழுதிய கட்டுரை வந்தது. மோட்டரோலாவின் ஸ்காலட்ரான் என்ற எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு, எந்தச் சுருதியில் தொடங்கினாலும் ஒரே விரலமைப்பு வரும்படியான கட்டை அமைப்பில் ஈடுபட்டிருந்தவர் அவர். பார்ட்சின் 43 சுரங்களையும் ஒரே ஓர் இடைவெளியைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பெற முடியுமா என்பதே அவர் கேள்வி.

முடியும். அந்த இடைவெளி சுமார் 116.7 சென்ட். அரைச்சுரத்தைவிடச் சற்றுப் பெரியது. பின்னாளில் அதற்கு அவர் பெயரையே வைத்து 'சீகோர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கோட்பாட்டின் மொழியில் இதுதான் ஜெனரேட்டர், அதாவது சுரங்களைப் பிறப்பிக்கும் படி.

ஒரே இடைவெளியை அடுக்கிச் சுரங்களைப் பெறுவது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. இளியிலிருந்து இளியாகப் போய்ப் பன்னிரண்டு இடங்களை நிரப்பும் வட்டப்பாலை நமக்குத் தெரியும். அங்கே அடுக்கப்படுவது பஞ்சமம். இங்கே பஞ்சமத்தின் ஆறில் ஒரு பங்கு.

ஒரு சீகோர் 116.7 சென்ட். 16/15 என்ற விகிதம் 111.7, 15/14 என்ற விகிதம் 119.4. இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டுக்கும் இதுவே பதிலாகிறது. இரண்டு சீகோர் 233.4, இது 8/7-க்கு (231.2) அருகில். மூன்று சீகோர் 350.1. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே வரும் 11/9 (347.4) இதுதான். ஐந்து சீகோர் 583.6, 7/5 (582.5). ஆறு சீகோர் 700.3, பஞ்சமம். ஏழு சீகோர் 817.0, 8/5 (813.7). அதைத் தலைகீழாக்கினால், அதாவது கீழ்நோக்கி ஏழு படி போய் ஒரு ஸ்தாயி ஏற்றினால், அந்தர காந்தாரம் கிடைக்கும். பதினைந்து சீகோர் போய் ஒரு ஸ்தாயியைக் கழித்தால் 550.7, நமக்கு வேண்டிய 11/8.

ஒரு கரும்பை ஆறு சம துண்டாக வெட்டினால், மூன்று துண்டு சேர்த்து அரைக்கரும்பு, இரண்டு துண்டு சேர்த்து மூன்றில் ஒரு பங்கு. பஞ்சமத்தையும் சீகோர் அப்படித்தான் வெட்டினார். பாதிப் பஞ்சமம் 11/9, அது 11-இன் உலகத்துக்குக் கதவு. மூன்றில் ஒரு பஞ்சமம் 8/7, அது 7-இன் உலகத்துக்குக் கதவு. ஆறில் ஒரு பஞ்சமமோ 16/15, 15/14 இரண்டையும் ஒன்றாக்கி 5-ஐயும் உள்ளே இழுத்துவிடுகிறது. ஒரே படி நான்கு பகா எண்களையும் கட்டிப்போடுகிறது என்பதுதான் இதன் வியப்பு. எனக்கு இது இன்னும் பழகிப்போகவில்லை.

சீகோரின் கட்டுரை அதிகம் பேர் கண்ணில் படாமலே இருந்தது. 2001-இல் பால் எர்லிக், டேவ் கீனன், கிரஹாம் பிரீட் முதலானோர் வேறு வழியாக இதே படியை மறுபடி கண்டடைந்தார்கள். மிரக்கிள் என்ற பெயர் அப்போது வந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பே சீகோர் இதை அச்சிட்டிருந்தது தெரிந்ததும் படிக்கு அவர் பெயரை வைத்தார்கள். தொடர்பே இல்லாமல் இரண்டு பாதைகள் ஒரே இடத்தில் முடிந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 11 வரை உள்ள விகிதங்களை ஒரே படியால் அடைய வேண்டும், பிழையும் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் கையில் நிற்கும் பதில்கள் மிகச் சிலவே.

வகைப்படுத்துதல்

மேலே சொன்ன கணக்கை ஒரே வரியில் சுருக்கலாம்: 3-க்கு +6, 5-க்கு −7, 7-க்கு −2, 11-க்கு +15. எந்தப் பகா எண்ணை அடைய எத்தனை சீகோர் மேலே அல்லது கீழே போக வேண்டும் என்ற இந்த வரிதான் மிரக்கிளின் அடையாள அட்டை. ஸ்தாயிகளை இதில் எண்ணவில்லை, தேவைப்படும்போது கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். எந்த விகிதத்தைக் கொடுத்தாலும் அதன் இடம் உடனே தெரியும். உதாரணமாக 9/7: 9 என்பது 3-இன் வர்க்கம், ஆகவே +12. அதிலிருந்து −2-ஐக் கழித்தால் +14. பதினான்கு படி மேலே.

ஒரு விகிதத்தின் கணக்கு பூஜ்யத்தில் வந்து நின்றால் அது காமா. 225/224-ஐ எடுத்துக்கொள்வோம். 225 என்பது 3-உம் 5-உம் இரண்டிரண்டு முறை: 12 − 14 = −2. 224-இல் 2-இன் அடுக்குகளும் ஒரு 7-உம் மட்டுமே: −2. கழித்தால் பூஜ்யம். 7.7 சென்ட் அளவுள்ள அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மூன்று 8/7-கள் ஒரு பஞ்சமம் ஆவதால் 1029/1024 மறைகிறது, 8.4 சென்ட். இரண்டு 11/9-கள் ஒரு பஞ்சமம் ஆவதால் 243/242 மறைகிறது, 7.1 சென்ட்.

இங்கே வகைப்படுத்துபவர்கள் வழுக்கும் ஓர் இடம் உண்டு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2, 3, 5, 7, 11 என்று ஐந்து பகா எண்கள். கடைசியில் நமக்கு மிஞ்ச வேண்டியவை இரண்டு, ஸ்தாயியும் சீகோரும். ஆக மூன்று காமாக்களைச் சொன்னால் டெம்பரமென்ட் தீர்மானமாகிவிட வேண்டும். அப்படியானால் மேலே சொன்ன 225/224, 1029/1024, 243/242 மூன்றையும் எழுதிவிட்டால் முடிந்ததா? பார்வைக்கு முடிந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் 385/384 என்ற விகிதத்தைச் சோதித்துப் பாருங்கள். 5, 7, 11-இன் கணக்கு −7 −2 +15 = 6, அதிலிருந்து 3-இன் 6 போனால் பூஜ்யம். மிரக்கிளில் அதுவும் மறைய வேண்டிய காமா. ஆனால் மேலே எழுதிய மூன்றையும் எப்படிப் பெருக்கி வகுத்தாலும் 385/384 கிடைக்காது. அதன் வர்க்கம் மட்டுமே கிடைக்கும்: 225/224-ஐயும் 1029/1024-ஐயும் பெருக்கி 243/242-ஆல் வகுத்தால் வருவது 385/384-இன் வர்க்கம். ஒரு பொருளின் வர்க்கம் மறைந்துவிட்டது, பொருள் மட்டும் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் குறைக்கு டார்ஷன் என்று பெயர். காதில் இதற்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் இரண்டு மடங்கு பூஜ்யம் என்றால் ஒரு மடங்கும் பூஜ்யம்தான். ஆனால் காமாப் பட்டியலை அப்படியே கணினிக்குக் கொடுத்தால், அது இல்லாத ஒரு வகையை உண்டாக்கி வைக்கும். 225/224, 243/242, 385/384 என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. மிரக்கிளைப் பெரும்பாலும் இந்த மூன்றாலேயே குறிப்பது அதனால்தான்.

காமாக்களை வைத்துப் பார்த்தால் உறவுமுறையும் தெரிகிறது. 1029/1024-ஐ மட்டும், 2, 3, 7 என்ற பகா எண்களுக்குள் மறைத்தால் 8/7-ஐப் படியாகக் கொண்ட ஸ்லெண்ட்ரிக் என்ற டெம்பரமென்ட் வரும். அந்தப் படியை இரண்டாக வெட்டியதுதான் சீகோர். 225/224-ஐ மட்டும் மறைத்தால் மார்வெல் என்ற பெரிய குடும்பம், மிரக்கிள் அதன் ஒரு பிள்ளை. அதே சமயம் 81/80, அதாவது நான்கு பஞ்சமம் ஏறிப் பெறும் காந்தாரத்துக்கும் 5/4-க்கும் உள்ள வித்தியாசம், இங்கே மறையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் மீன்டோன் என்று பல நூற்றாண்டுகள் வழங்கியதெல்லாம் 81/80-ஐ மறைத்ததால் வந்தது. இசைக் கோட்பாட்டாளர்களான சார்லினோ 1558-இல் சொன்னதும் சலினாஸ் 1577-இல் சொன்னதும் ஒரே மீன்டோன்தான். பஞ்சமத்தை எவ்வளவு குறுக்குவது என்பதில் மட்டுமே வேறுபாடு. டெம்பரமென்ட் வேறு, அதன் சுருதி வேறு என்பது அன்றைக்கே நடைமுறையில் இருந்த விஷயம்.

72 என்ற எண் ஏன் போதாது என்பதும் இங்கே விளங்கும். ஸ்தாயியை 72-ஆகப் பிரித்து ஏழு ஏழு படியாக அடுக்கினால் மிரக்கிள். அதே 72-இல் 19 படிகளை, அதாவது 6/5-ஐ அடுக்கிப் போனால் ஆறு முறையில் ஸ்தாயிக்கு மேலுள்ள பஞ்சமம் வரும். அது கிளெய்ஸ்மிக் என்ற வேறொரு டெம்பரமென்ட். சுரங்கள் அதே 72. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு எளிதில் போகலாம் என்ற வழிகள் முற்றிலும் வேறு.

72 என்றதும் மேளகர்த்தா ஞாபகம் வருவது இயல்பு. எண் ஒன்றே தவிர உறவு எதுவும் இல்லை. அங்கே 72 என்பது ராகங்களின் எண்ணிக்கை, ரி-க, த-நி சேர்க்கைகள் ஆறு ஆறும் மத்யமம் இரண்டும் பெருகி வந்தது. இங்கே 72 ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை. உண்மையான உறவு வேண்டுமானால் பைசாந்தியத் தேவாலய இசையில் இருக்கிறது. அங்கே ஸ்தாயியை மோரியா என்ற 72 சிறு அலகுகளாக அளப்பது வழக்கம்.

பார்ட்சின் பட்டியலை மிரக்கிளில் வைத்துப் பார்த்தல்

அடையாள வரி கையில் இருப்பதால் பார்ட்சின் 43 சுரங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கலாம். பென்சிலும் தாளும் போதும். 81/80 வரும் இடம் +31. 33/32 வரும் இடம் +21. 21/20-க்கு +11, 16/15-க்கு +1. அப்புறம் 12/11 கீழே −9, 11/10 மேலே +22, 10/9 கீழே −19. இப்படியே போனால் 27/20 வரும் இடம் +25. பட்டியலின் மேல்பாதி கீழ்ப்பாதியின் கண்ணாடிப் பிம்பம் என்பதால் குறிகளை மாற்றினால் மீதியும் கிடைக்கும். 43-ம் தனித்தனி இடங்களில் உட்காருகின்றன, எதுவும் எதோடும் மோதவில்லை. −31 முதல் +31 வரை 63 இடங்கள். 72 சமபாகத்தில் இவை எல்லாமே வேறு வேறு சுரங்கள்.

இதே கணக்கை 41 சமபாகத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே 41 சீகோர் போனால் தொடங்கிய சுரத்துக்கே திரும்பிவிடுவோம். ஆகவே +22-உம் −19-உம் ஒரே இடம்: 11/10-உம் 10/9-உம் ஒன்றாகின்றன. அவற்றின் பிம்பங்களான 20/11-உம் 9/5-உம் ஒன்றாகின்றன. மற்ற மோதல் எதுவும் இல்லை. +31 என்பது −10-க்குப் போய் உட்காருகிறது, +25 என்பது −16-க்கு, +21 என்பது −20-க்கு. மூன்றுமே காலியாக இருந்த இடங்கள். 43-இல் இரண்டு இணைகள் ஒன்றானதால் 41. அந்த 41-உம் ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் 41 சமபாகத்தை நிரப்பிவிடுகின்றன!

பார்ட்ச் சம பிரிவுகளை விரும்பியவர் அல்ல. விகிதங்களை மட்டும் நம்பி, இடைவெளி பெரிதாகத் தெரிந்த இடங்களில் சுரங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். அப்படிச் செய்தவரின் பட்டியலுக்கு அடியில் இப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. பட்டியலின் மிகச் சிறிய இடைவெளிகளில் ஒன்று 10/9-க்கும் 11/10-க்கும் நடுவே இருப்பது, 17.4 சென்ட். 41-இல் ஒன்றாவதும் அந்த இணைதான். அவர் காது இடைவெளிகளைச் சீராக நிரப்பப் பார்த்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை என்பது என் கருத்து.

சுருதி சேர்த்தல்

சரி, வகை தெரிந்துவிட்டது. சீகோரைச் சரியாக எத்தனை சென்ட்டில் வைப்பது?

பஞ்சமத்தைச் சுத்தமாக வைக்கலாம் என்று தோன்றும். 701.955-ஐ ஆறால் வகுத்தால் 116.993. அப்போது அந்தர காந்தாரம் 5.3 சென்ட் தாழ்ந்துவிடுகிறது, 11/8 3.6 சென்ட் ஏறிவிடுகிறது. அந்தர காந்தாரத்தைச் சுத்தமாக வைத்தால் சீகோர் 116.241. இப்போது பஞ்சமம் 4.5 சென்ட் தாழ்ந்து, 9/8 9 சென்ட் தாழ்ந்து, 11/8 7.7 சென்ட் தாழ்ந்துவிடும். அடுக்கில் தூரத்தில் இருக்கும் சுரம்தான் அதிகம் ஆடும். 11 பதினைந்து படி தள்ளி இருப்பதால், சீகோரில் பத்தில் ஒரு சென்ட் மாறினால் 11/8-இல் ஒன்றரை சென்ட் மாறும். படியைச் சென்ட்டின் இரண்டாவது தசமம் வரை கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான். வெறும் நுணுக்க ஆசை அல்ல.

சீகோர் தேர்ந்த வழி, மிக மோசமான பிழையை முடிந்தவரை சிறிதாக்குவது. 5/4-உம் 9/8-உம் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒன்று −7, மற்றது +12. இரண்டின் பிழையும் சமமாகும் இடத்தில் நின்றால் அவற்றின் விகிதமான 9/5 துல்லியமாகிவிடும். 9/5 பத்தொன்பது படி தள்ளி இருக்கிறது. ஆகவே 18/5-இன் பத்தொன்பதாம் மூலம், 116.7156 சென்ட். இந்த இடத்தில் பஞ்சமம் 1.7 சென்ட் தாழ்வு, 7/4 2.3 சென்ட் தாழ்வு, 5/4-உம் 9/8-உம் 3.3 சென்ட் தாழ்வு, 11/8 0.6 சென்ட் தாழ்வு. 11 வரையிலான ஒற்றை எண்களால் அமையும் எந்த இடைவெளியிலும் பிழை 3.3 சென்ட்டைத் தாண்டாது.

காதுக்கு இது என்ன? ஆதார ஸட்ஜத்தை 240 ஹெர்ட்ஸில் வையுங்கள். மேற்சுரங்கள் நிறைந்த ஒலியில் ஸட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து ஒலித்தால், சாதாரண கீபோர்டில் விநாடிக்கு ஒன்பதரை விம்மல் (ஒலி ஏறி இறங்கும் அதிர்வு) வரும். அந்தச் சலசலப்பு எல்லோருக்கும் பழகிவிட்டதால் யாரும் கவனிப்பதில்லை. மிரக்கிளில் விநாடிக்கு இரண்டுக்குச் சற்று மேல், மெதுவான அலை. 7/4-க்குப் பக்கத்தில் கீபோர்டில் கிடைப்பது 1000 சென்ட் சுரம், அது விநாடிக்கு முப்பது விம்மல் தரும். மிரக்கிளில் இரண்டு சொச்சம். 11/8 விநாடிக்கு ஒன்றுகூட இல்லை. நல்ல தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, 3.3 சென்ட் தாழ்வு தெரியத்தான் செய்யும். தெரிந்தாலும் உறுத்தாது.

ஸ்தாயியையும் துல்லியமாக 2/1-இல் வைக்க வேண்டியதில்லை என்பது பால் எர்லிக் முன்வைத்த வழி. மிரக்கிளில் அனேகமாக எல்லாப் பிழையும் தாழ்வாகவே இருப்பதால், ஸ்தாயியை ஒரு சென்ட்டுக்கும் குறைவாக நீட்டினால் பிழைகள் இருபுறமும் பரவிக் குறைகின்றன. மென்பொருள் ஒலிக்கு இது நல்ல தேர்வு. தந்தியும் குழலும் உள்ள மேடையில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஸ்தாயி சுத்தமாக இருந்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்ள முடியும்.

மேடைக்கு 72 சமபாகமே வசதி. சீகோர் 116.667 ஆகிறது, 0.05 சென்ட் மட்டுமே வித்தியாசம். பெரிய பிழை 9/8-இல் 3.9 சென்ட். 72-க்குள் வழக்கமான 12 சுரம் அப்படியே இருப்பதால், தெரிந்த சுரத்தை முழுச்சுரத்தின் பன்னிரண்டில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு ஏற்றவும் இறக்கவும் பழகினால் வாசிப்பவர் எல்லா இடத்தையும் அடைந்துவிடலாம். பாஸ்டனில் ஈஸ்ரா சிம்ஸும் ஜோ மனேரியும் 72-இல் பல ஆண்டுகள் உழைத்து, அதற்கென்று ஒரு குறியீட்டு முறையும் அவர்கள் பெயரில் வழங்குகிறது.

எத்தனை சுரம் வேண்டும், எது கிடைக்காது

அடுக்கை எங்கே நிறுத்தினாலும் நல்ல அளவுகோல் கிடைத்துவிடாது. அடுத்தடுத்த படிகள் இரண்டே அளவில் அமையும் இடங்களில் நிறுத்த வேண்டும். இதை எர்வ் வில்சன் 1975-இல் சமச்சீர்த் தருணம் என்ற கருத்தாக முன்வைத்தார். மிரக்கிளில் அவை 10, 11, 21, 31, 41. இவற்றில் 21 சுர அளவுகோலுக்கு பிளாக்ஜாக் என்றும் 31 சுரத்துக்கு கனாஸ்டா என்றும் சீட்டாட்டப் பெயர்கள்.

பிளாக்ஜாக்கில் 83.9 சென்ட் படிகள் பத்து, 32.8 சென்ட் படிகள் பதினொன்று. 4:5:6:7 என்ற நால்சுரச் சேர்க்கைக்கு −7 முதல் +6 வரை பதின்மூன்று சீகோர் அகலம் தேவை. ஆகவே 21 சுரத்தில் அந்தச் சேர்க்கை எட்டு இடங்களில் கிடைக்கும், அதன் தலைகீழ் வடிவமும் எட்டு இடங்களில். வெறும் 21 சுரத்துக்கு இது தாராளம். ஆனால் 9-ஐயும் 11-ஐயும் சேர்த்து 4:5:6:7:9:11 என்ற ஆறுசுரச் சேர்க்கை வேண்டுமென்றால் −7 முதல் +15 வரை இருபத்திரண்டு சீகோர் அகலம் வேண்டும், குறைந்தது 23 சுரம். பிளாக்ஜாக்கில் ஒன்றுகூட முழுதாக இல்லை. கனாஸ்டாவில் ஒன்பது. பார்ட்சின் ஒலியைத் தேடுபவர் பிளாக்ஜாக்கில் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தொடக்கமே கனாஸ்டாவில் இருக்கட்டும். ஸ்காலா கோப்பை (சுரங்களின் அளவுப் பட்டியலை எழுதும் கணினிக் கோப்பு) வாசிக்கும் எந்த மென்பொருள் சின்தசைசரிலும் 116.7156-இன் மடங்குகளை ஸ்தாயிக்குள் மடித்து எழுதினால் போதும்.

இழப்பு எங்கே என்றால், ஐரோப்பிய இசை பழகிய வழிகளில். 81/80 இங்கே உயிரோடு இருக்கிறது. முப்பத்தொரு சீகோர் போனால் தொடங்கிய இடத்துக்கு 18.2 சென்ட் மேலே வந்து நிற்போம், அதுதான் 81/80-இன் இடம். C, A மைனர், D மைனர், G, மீண்டும் C என்று கிதாரில் யாரும் வாசிக்கும் அந்தச் சாதாரணச் சுற்றை, பொதுச் சுரங்களைப் பிடித்துக்கொண்டு மிரக்கிளில் வாசித்தால், ஒரு சுற்றுக்கு ஆதாரம் 18 சென்ட் கீழே நழுவும். நான்கு சுற்றில் முக்கால் அரைச்சுரம் போய்விடும். 72-இல் வாசித்தால் ஒரு சுற்றுக்கு ஒரு படி, 16.7 சென்ட். 41-இல் இன்னும் மோசம், 29.3 சென்ட். இங்கேதான் 31 சமபாகம் தன் மதிப்பைக் காட்டுகிறது. அங்கே முப்பத்தொரு சீகோர் என்றால் நேராகப் பூஜ்யம், 81/80 தானே மறைந்துவிடுகிறது. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1691-இல் ஆராய்ந்த 31 மீன்டோனும் ஆகிறது, மிரக்கிளும் ஆகிறது. பழைய சுற்றுகளை அப்படியே வைத்துக்கொண்டு 7-ஐயும் சேர்க்க நினைப்பவர் 31-ஐ எடுக்கலாம்: அந்தர காந்தாரமும் 7/4-உம் ஒரு சென்ட் சுமாருக்குள் அமைந்துவிடும். அதற்கு விலையாக 11/8-ஐ 9.4 சென்ட் தாழ்வாகக் கேட்க வேண்டும். பார்ட்சுக்கு அந்த விலை ஏற்றதாக இருந்திருக்காது.